எழுத்தும் வீடும் இழப்பும்: புதுமைப்பித்தன் வாழ்விலிருந்து ஒரு பதில்

தங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். தாங்கள் வேலைக்குப் போகிறீர்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு தந்தையை இழந்தீர்கள். அதன்பின் பாதியில் நின்ற நாவலைத் தொட முடியவில்லை. தமிழின் பெரிய எழுத்தாளர்கள் எழுத்தையும் குடும்பத்தையும் சொந்த வாழ்வின் அடிகளையும் எவ்வாறு ஒருசேரச் சமாளித்தார்கள் என்றும், வேலையை விட்டுவிட்டு எழுத்தில் முழுமூச்சாக இறங்குவது சரியா என்றும் கேட்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்களில் பெரும்பாலோர் சமாளிக்கவில்லை. எதையோ விட்டார்கள், அல்லது எதுவோ அவர்களை விட்டுப் போயிற்று. விட்டதன் விலையை அவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களும் சேர்ந்தே கொடுத்தார்கள். இதைப் பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆகவே ஒருவரை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். நான் புதுமைப்பித்தனைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அவர் கதைகள் எந்த ஆண்டில், எந்தப் பத்திரிகையில் வந்தன என்பது பெரும்பாலும் தெரிகிறது. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வந்திருக்கின்றன. நெருங்கிப் பழகிய தொ. மு. சி. ரகுநாதன் அவருடைய வாழ்க்கையை எழுதியிருக்கிறார். எழுதிய மேசையையும் அடுப்படியையும் ஒரே நேரத்தில் பார்க்க இடம் தரும் தமிழ் எழுத்தாளர்கள் மிகச் சிலரே.

சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசுப் பணியில் தாசில்தாராக இருந்தவர். சிறு வயதிலேயே தாய் போய்விட்டார். மாற்றாந்தாயின் வீட்டில் வளர்ந்தார். தந்தை ஓய்வுபெற்றபின் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். திருவனந்தபுரத்தில் இருந்த குடும்பத்துப் பெண்ணான கமலாவை மணந்தார். அரசு வேலை தேடிக்கொள்ளாத மகனிடம் தந்தைக்கு மனத்தாங்கல்; அந்த மனத்தாங்கலோடுதான் அவர் சென்னைக்குப் புறப்பட்டார். எழுதிப் பிழைக்கலாம் என்று அந்நாளில் நம்புவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். அவருடைய முதல் கதைகளுக்கு இடம் கொடுத்த மணிக்கொடி, இலக்கியத்தில் பெரும் பெயர் வாங்கிய பத்திரிகை. ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடக்கூடிய பத்திரிகை அன்று.

இங்கேதான் தங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையின் முதற்பகுதி இருக்கிறது. புதுமைப்பித்தன் என்றாலே வேலை வெட்டி இல்லாமல், வெற்றிலையும் புகையிலையுமாக, பசியோடு எழுதிய மனிதர் என்ற படம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. உண்மை வேறு. 1930-களின் நடுப்பகுதியிலிருந்து 1943 வரை அவர் தினமணியில் மாதச் சம்பளம் வாங்கிய உதவியாசிரியர். நாளிதழ் அலுவலகத்தில் தந்திச் செய்திகளைத் தமிழாக்குவதும் திருத்துவதும் களைப்பான வேலை. அதற்கும் இலக்கியத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆயினும் இன்று நாம் கொண்டாடும் கதைகளில் பெரும்பகுதி அந்த வேலை இருந்த காலத்தில் வந்தவை. காஞ்சனை, செல்லம்மாள், சாபவிமோசனம், கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் ஆகிய நான்கும் 1943-ஆம் ஆண்டில், கலைமகள் இதழில் வெளியாயின. எந்த மொழியிலும் ஓர் எழுத்தாளருக்கு அப்படி ஓர் ஆண்டு வாய்ப்பது அபூர்வம். சம்பளம் அவருடைய எழுத்தைக் கெடுத்தது என்று சொல்ல ஆதாரம் எதையும் நான் காணவில்லை. குறைந்த சம்பளம் அவர் வீட்டைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டுமானால் ஆதாரம் நிறைய இருக்கிறது.

அந்த ஆதாரம் கடிதங்களில் கிடக்கிறது. சென்னையில் குடித்தனம் நடத்த முடியாத காலங்களில் கமலா திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தார்; புதுமைப்பித்தன் சென்னையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கதைகளில் கண்டிப்பும் எள்ளலுமாக நிற்கும் அந்த மனிதர் இந்தக் கடிதங்களில் குழைந்து பேசுகிறார், கொஞ்சுகிறார், பணம் அனுப்புவதாகச் சொல்கிறார், அனுப்ப முடியாததற்குக் காரணம் சொல்கிறார், விரைவில் வீடு பார்த்து அழைத்துக்கொள்வதாக உறுதி தருகிறார், உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறார். இதே சொற்கள் மாதம் மாறி, ஆண்டு மாறித் திரும்பத் திரும்ப வருவதைப் படிக்கும்போது, எழுதியவரின் அன்பில் எனக்கு ஐயம் வருவதில்லை. படித்துவிட்டு அடுத்த கடிதத்துக்காகக் காத்திருந்தவரின் நாள்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்ற எண்ணந்தான் மேலோங்குகிறது. கமலா எழுதிய பதில்களும் அதே அளவுக்கு நமக்குப் படிக்கக் கிடைத்திருந்தால் தமிழிலக்கிய வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

வீட்டின் நெருக்கடியை அவர் எழுத்தாக மாற்றிய விதத்தைப் பார்க்க வேண்டுமானால் 'ஒருநாள் கழிந்தது' என்ற கதையைத் தாங்கள் மறுபடியும் படிக்க வேண்டும். முருகதாசர் என்ற எழுத்தாளர், வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரம் எழுதுகிறவர். வீட்டில் மனைவி கமலம், குறும்புக்காரச் சிறுமி அலமு. மளிகைக் கடன் கழுத்தைப் பிடிக்கிறது; விருந்தாளி வருகிறார்; காப்பிக்கு வழி பார்க்க வேண்டும்; யாரிடமாவது மூன்று ரூபாய் கைமாற்று வாங்க வேண்டும். கதையில் வேறு பெரிய சம்பவம் கிடையாது. எழுதப்படாத நாவல் ஒன்று அவர் மனத்தில் இருக்கிறது. ஆனால் கதை அந்த நாவலைப் பற்றிப் புலம்புவதில்லை. குழந்தையின் விளையாட்டும் மனைவியின் பொறுமையும் கடன்காரரின் குரலும் ஒரே வரிசையில் வருகின்றன. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தடையை அதே அளவில், அதே நாளின் கணக்கில் வைத்து எழுதிய கதை அது. எழுத நேரமில்லாத எழுத்தாளரின் கதையை எழுத நேரமில்லாத எழுத்தாளரே எழுதினார். நான் அறிந்தவரை, இந்தப் பொருளில் தமிழில் இதைவிடச் செறிவான எழுத்து இன்னும் வரவில்லை. அது ஒரு சிறுகதை என்பதையும் கவனியுங்கள். கைக்குக் கிடைத்த நேரத்தின் அளவுக்கு ஏற்ற வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார். நாவல் எழுதவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது; சிற்றன்னை என்ற குறுநாவலுக்கு மேல் அது கைகூடவில்லை. தாயை இழந்து மாற்றாந்தாயிடம் வளர்ந்த ஒருவர் அப்படியொரு தலைப்பில் எழுத, வாழ்வின் பிற்பகுதிவரை காத்திருந்தார் என்பதும் தங்கள் நிலையோடு ஒட்டிய செய்தியே.

இழப்பைப் பற்றிச் சொல்லும்போது 'செல்லம்மாள்' கதையையும் சொல்லியாக வேண்டும். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி, மனைவி நெடுநாளைய நோயாளி, ஊருக்குப் போக வேண்டும் என்று அவள் ஏங்குகிறாள், போகாமலே இறந்துபோகிறாள். உயிர் பிரிந்த இடத்தில் கதை தொடங்குகிறது. ஒப்பாரியை எதிர்பார்த்து வரும் வாசகருக்கு, வெந்நீர் போடுவதும் உடம்பைத் துடைப்பதும் புடவையைச் சீர்செய்வதுமான வேலைகளே கிடைக்கின்றன. பணிவிடை செய்து பழகிய கைகள் இறந்த உடலுக்கும் அதே பணிவிடையைச் செய்கின்றன. இதைப் புதுமைப்பித்தனின் சொந்த வாழ்க்கை என்று படிப்பது தவறு; கமலா அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் நோயுற்ற மனைவி, போதாத சம்பளம், ஊர் நினைப்பு, நகரத்தின் தனிமை ஆகிய அனைத்தும் அவர் அறிந்தவை. அறிந்ததை எடுத்து, தனக்கு நேராததன்மேல் வைத்து எழுதினார். துயரம் நேர்ந்தவுடன் அதை அப்படியே எழுதிவிட வேண்டும் என்று யாராவது தங்களிடம் சொல்லியிருந்தால் அதை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. தந்தையின் மறைவைப் பற்றி இப்போது எழுத முடியாமல் இருப்பது தங்கள் திறமையில் உள்ள குறை ஆகாது. வேறு யாருடைய வீட்டிலோ, வேறு ஏதோ ஒரு கதையில் அது தானாக வந்து உட்காரும் காலம் ஒன்று இருக்கிறது.

1943-ல் நிலைமை மாறியது. நிர்வாகத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் தினமணியை விட்டு வெளியேறினார். அவருக்காகப் புதுமைப்பித்தனும் வெளியே வந்தார். அது மானமுள்ள செயல்; அதை நான் குறை சொல்ல மாட்டேன். சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி' என்ற நாளிதழில் சிலகாலம் வேலை பார்த்தார். பிறகு திரைப்படம் அழைத்தது. அவ்வையார் படத்துக்கும் காமவல்லி படத்துக்கும் எழுதினார். பத்திரிகையில் பல மாதங்களில் கிடைப்பது அங்கே ஒரே தொகையாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். அந்தத் தொகையை வைத்து வீட்டை நிலைநிறுத்தியிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். அவரோ பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்ற பெயரில் தாமே படக்கம்பெனி தொடங்கி, வசந்தவல்லி என்ற படத்தை எடுக்க முனைந்தார். படம் எடுக்கப்படவே இல்லை, பணமும் போயிற்று. 1946-ல் மகள் தினகரி பிறந்திருந்தாள். கைக்குழந்தையும் கடனுமாக இருந்த அந்த நிலையில், தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து வந்தபின் எடுத்த ராஜமுக்தி படத்துக்கு வசனம் எழுதப் புனேவுக்குப் போனார். அங்கே காசநோய் முற்றியது. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லேயே கண்டறியப்பட்டுவிட்டது என்றாலும், நம் ஊரில் ஒரு தமிழ் எழுத்தாளருக்கு எளிதில் கிட்டும் மருந்தாக அது அப்போது இருக்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்து, 1948-ல், 42 வயதில் காலமானார். ராஜமுக்தி வெளியானபோது அவர் உயிரோடு இல்லை.

இந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் எழுதிய கதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'கயிற்றரவு' ஒன்று போதும், திறன் குன்றவில்லை என்று காட்ட. குன்றியது அமைதியும் உடல்நலமும். முழுநேர எழுத்தாளர் ஆனபின் எழுத்து பெருகும் என்று நாம் நினைக்கிறோம். அவர் வாழ்வில் நடந்தது நேர்மாறு. வருமானம் எங்கிருந்து வரும் என்ற தேடலே முழுநேர வேலையாயிற்று.

கமலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த வரலாற்றில் அவர் பெயர் பெரும்பாலும் கடிதங்களைப் பெற்றவராகவே வருகிறது. கமலா விருத்தாசலமும் சிறுகதைகள் எழுதியவர். அவருடைய கதைகள் அந்நாளைய பத்திரிகைகளில் வெளிவந்தன. காசுமாலை என்ற தொகுப்பு 1971-ல்தான் வந்தது. கணவர் இறக்கும்போது மகளுக்கு இரண்டு வயது. நண்பர்கள் குடும்பத்துக்காக நிதி திரட்டினார்கள். அந்த நன்மையை மறக்கக் கூடாது. ஆனால் ஒரே கூரையின்கீழ் இரண்டு எழுத்தாளர்கள் இருந்தும், ஒருவருடைய எழுத்துக்காக மற்றவருடைய எழுத்து ஒதுங்கி நின்றது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தாங்கள் எழுதும் நேரத்தில் வீட்டில் யார் என்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறார், அவர் விரும்பிச் செய்ய நினைத்த எது நின்றுபோயிற்று என்று தாங்களே கேட்டு, அவரோடு உட்கார்ந்து பேசிவிடுவது மிகவும் அவசியம் என்று நான் கருதுவது இதனால்தான். எழுத்துக்கு ஒதுக்கும் நேரம் வாய்விட்டுப் பேசி முடிவுசெய்ததாக இருந்தால் அதில் குற்றவுணர்வு குறைகிறது. பிள்ளைகளும் அதை மதிக்கப் பழகுகிறார்கள்.

வீட்டின் ஆதரவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜம் கிருஷ்ணன் சான்று. 1925-ல் முசிறியில் பிறந்தவர். 15 வயதில் திருமணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் முத்துகிருஷ்ணன் மின்பொறியாளர். அவருக்கு வேலை மாற்றம் வந்த ஊர்களையெல்லாம் ராஜம் எழுத்துக்குரிய களமாக எடுத்துக்கொண்டார். நீலகிரியில் குந்தா மின்திட்டப் பகுதியில் வாழ்ந்த காலம் படகர் வாழ்வைச் சொல்லும் குறிஞ்சித்தேனாயிற்று. பின்னர்த் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர், கடற்கரை மீனவர், சிவகாசித் தீப்பெட்டிச் சிறுவர் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதினார். ஒரு குடும்பத் தலைவி அப்படிப் புறப்பட்டுப் போக, வீட்டில் எதிர்ப்பில்லாமல் இருக்க வேண்டும், துணையும் இருக்க வேண்டும். இரண்டும் அவருக்கு இருந்தன. வேருக்கு நீர் நாவலுக்கு 1973-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. ஆனால் இந்த வாழ்க்கையும் நல்லபடியாக முடியவில்லை. கணவர் 2002-ல் மறைந்தபின் சேமிப்பும் வீடும் கையைவிட்டுப் போய், முதியோர் இல்லத்தில் தங்கும்படி ஆயிற்று. 2009-ல் தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கித் தொகை வழங்கியது. வாழும்போதே அப்படி ஆனது அரிது. 2014-ல் காலமானார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிய ஒருவருக்கு முதுமையில் நிலையான வருமானம் இல்லாமல் போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

வேலையை விட்டும் நிலைத்தவர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-ல் விட்டார். அதன்பின் அவ்வப்போது கிடைத்த சிறு வேலைகளோடு எழுத்தையே நம்பி வாழ்ந்தார். கரைந்த நிழல்களும் தண்ணீரும் பதினெட்டாவது அட்சக்கோடும் அதன்பின் வந்தவை. ஆனால் அவர் பட்ட சிரமத்தை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய சிக்கனமும் சீரான உழைப்பும் எல்லாருக்கும் வாய்க்கக்கூடியவை அல்ல. அவரைக் காட்டி ஒருவரை வேலையை விடச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே என் பதில் இது. வேலையை விடாதீர்கள்; குறைந்தது, பிள்ளைகளின் படிப்பும் ஈராண்டுச் செலவும் கையில் சேரும்வரை. நாவல் நிற்கிறதென்றால் நிற்கட்டும். அதே உலகத்திலிருந்து ஒரு பாத்திரத்தை, ஒரு மாலைப்பொழுதை எடுத்துச் சிறுகதையாக எழுதுங்கள். அரை மணி நேரம் கிடைக்கும் வீட்டில் அரை மணி நேரத்துக்குள் திரும்பப் பிடிக்கக்கூடிய வேலையே நடக்கும். மொழிபெயர்ப்பும் உதவும். சொந்தமாக எழுத வராத நாள்களிலும் கை ஓயாதிருக்க அது நல்ல வழி. புதுமைப்பித்தன் உலகச் சிறுகதைகள் பலவற்றைத் தமிழாக்கியிருக்கிறார், அந்தப் பழக்கத்தின் பயனை அவருடைய வாக்கியங்களில் காணலாம். புத்தகம் போடக் கடன் வாங்காதீர்கள். பதிப்பகம் தொடங்கும் எண்ணம் இருந்தால் அதை வீட்டுப் பணத்தோடு கலக்காதீர்கள்.

கடைசியாக, எழுத்தாளர்கள் பேசக் கூசும் ஒரு செய்தி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி (1957) எழுதியவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் அந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்கு இருக்கிறது. உரிமையைப் பதிப்பாளருக்கு மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். தங்கள் முதல் தொகுப்பு ஏற்கெனவே வெளிவந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதன் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் பதிப்பாளரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். எந்தக் கதை எந்த இதழில், எந்த மாதம் வந்தது என்ற பட்டியலை ஒரு நோட்டில் குறித்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்குக் காட்டிவிடுங்கள். புதுமைப்பித்தனின் படைப்புகளைத் திருத்தமான பதிப்பாகக் கொண்டுவர ஆய்வாளர்கள் அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பழைய இதழ்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. தங்கள் மக்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.